நாற்பது விநாடி

எண்பத்து நாலாம் வருடத்து எஸ்டி.
கிக்கரே கியராகவும் மடங்குகிற சிக்கனக்காரி.
ராமமூர்த்தி நகர் சிக்னல் வரை ஒழுங்காக வருவாள்.
பச்சை விழுந்து கைப்பிடியைத் திருகினால்
டக டக டக,
ஒரு எச்சில் விழுங்கல்,
டக டக.
பின்னால் நிற்கும் டெம்போக்காரன்
என் பரம்பரையைக் கன்னடத்தில் விசாரிப்பான்.

எனக்கு ஆடிட்டர் ஆபீசில் வேலை.
ஏழு ரூபாய் இடிக்கும் கணக்கை
ஒரு வாரம் துரத்தியிருக்கிறேன்.
ஏழு ரூபாய் என்பது ஏழு ரூபாய் அல்ல;
எங்கோ ஏழாயிரம் வந்து
ஏழாயிரத்து ஏழு போயிருக்கும்.
எனவே முறைப்படிதான் தொடங்கினேன்:
ஒரு நேரத்தில் ஒன்று.
ஓட்டிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை.

பிளக் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது.
அதன்மேல் குற்றமில்லை.
பாயிண்ட் இடைவெளியில் ஃபீலர் கேஜ்
உரசியும் உரசாமலும் நழுவியது.
ஜே.சி. ரோட்டு ஃபயாஸ் பாய்
புதுக் கண்டென்சரைக் கையில் வைத்து
"சத்தியமா சரியாயிடும் மேடம்" என்றார்.
சத்தியம் இருநூற்றைம்பது ரூபாய்.
சிக்னலில் மறுபடி விழுங்கினாள்.

கார்புரேட்டர் ஜெட்டை ஊதி
ஊசித்துளை வழியாக முழு ட்யூப்லைட்டையும் பார்த்தேன்.
டேங்க்கைக் கவிழ்த்தால்
கொஞ்சம் துரு, ஒரு செத்த எறும்பு.
இரண்டு நாள் அந்த எறும்பை நம்பினேன்.

பதினோராம் நாள் மழை.
பேஸ்மெண்ட் தரை கசிந்துகொண்டிருந்தது.
ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு,
காதைச் சாய்த்துக் குந்தியிருந்தேன்.
அசோசியேஷன் செயலாளர் வெங்கோபராவ்
சொட்டும் குடையும் ஒரு நோட்டீசுமாக வந்தார்.
புகை, சத்தம், தரையில் எண்ணெய்க் கறை.
படித்துக்காட்டிக்கொண்டே இருக்கையில்
கரண்ட் போயிற்று.

எங்கள் கட்டடத்தில்
ஜெனரேட்டர் பிடிக்க நாற்பது விநாடி.
லிஃப்டில் மாட்டியவர்கள்
எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடிக்கிற நாற்பது.
என் கை எனக்குத் தெரியவில்லை.
டக டக மட்டும்.

"அல்லி நோடி" என்றார் இருட்டிலிருந்து.
அங்கே பாருங்கள்.

டேங்க்குக்கு அடியில்,
பிளக் வயர் ஃபிரேமை ஒட்டி வளைகிற இடத்தில்
நீலமாக ஒரு நூல்
தாவி
அணைந்தது.
அது தாவிய அதே நொடியில்
என்ஜின் விழுங்கியது.

மறுபடி.
மறுபடி.
பிளக்குக்குப் போகவேண்டிய தீ
பாதி வழியில் இறங்கி
இரும்புக்குள் போய்க்கொண்டிருந்தது.
புத்தகத்தில் வரவு சரி,
கல்லாவுக்கு வந்து சேரவில்லை;
நடுவில் ஃபிரேம் வாங்கிக்கொண்டிருக்கிறது.
கறுப்பு வயரில் கறுப்பு விரிசல்.
பத்து நாளும் நான் அதன்மேல்
டார்ச் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவரும் குந்திவிட்டார்.
குடை எங்கோ விழுந்த சத்தம்.
"ஒந்து... எரடு..." என்று
மூச்சுக்குள் எண்ணத் தொடங்கினார்.
நாலு வருவதற்குள் மேலே ஜெனரேட்டர் உறுமியது.
ட்யூப்லைட்கள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி எழ,
வயர் மறுபடி வெறும் வயர்.
இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்
எதையோ தொலைத்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

முதலில் எழுந்தது அவர்தான்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
செக்யூரிட்டி திலீபை போனில் கூப்பிட்டு
பேஸ்மெண்ட் மெயினை
ஐந்து நிமிஷம் அணைக்கச் சொன்னார்.

புது வயர் மீட்டர் அறுபது ரூபாய்.
மறுநாள் சிக்னலில்
டெம்போக்காரனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நோட்டீஸ் மட்டும் பாக்கி இருந்தது.
மூன்றாவது புகார் உண்மை.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
ஓரத்தில் கட்டைவிரல் ரேகையும்
கேட்காமலே விழுந்திருந்தது,
கறுப்பாக, தெளிவாக.